வெட்டி எறியும் வாழையும் கப்பலில் வரும் பொட்டாஷும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். குலையை வெட்டினால் அந்த மரத்தின் கதை முடிந்தது. அடுத்த குலைக்குப் பக்கக் கன்றைத்தான் நம்ப வேண்டும். குலை லொறியில் ஏறிச் சந்தைக்குப் போய்விடும். தண்டும் மடலும் இலையும் கிடந்த இடத்தில் கிடக்கும். எமது பகுதியில் அதில் ஒரு பங்கு வாய்க்கால் கரைக்கும் வீதியோரத்துக்கும் போய்ச் சேர்கிறது. மழை வந்தால் கான் அடைபடும், பிறகு ஆளையாள் குறை சொல்வோம். இந்தியாவில் ஒரு ஹெக்டேயர் வாழையில் 60 முதல் 80 தொன் வரை தண்டு மிஞ்சுவதாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் நடுகை ஐதானது, அதனால் அளவு குறையலாம். ஆனாலும் சின்ன அளவல்ல.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கழிவு. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கழிவு பலமுறை விலைமதிப்புள்ள பொருளாக இருந்திருக்கிறது. எங்கே, எப்போது என்று பார்த்துக்கொண்டு போனால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வெளியில் இருந்து சாமான் வருவது நின்றபோதெல்லாம் மனிதர் வாழைத்தண்டைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் மறந்திருக்கிறார்கள்.

முதலில் தண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் வாழைமரம் என்று சொன்னாலும் அது மரமே இல்லை. தண்டு என்று காண்பது ஒன்றின் மேல் ஒன்றாக இறுகச் சுற்றிய இலைமடல்கள். பலகை போன்ற வைரம் அதில் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அப்படியிருந்தும் பெரிய குலையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எப்படி? கலங்களுக்குள் தண்ணீர் அழுத்தமாக நிரம்பியிருக்கிறது, காற்றடித்த சைக்கிள் டயர் விறைப்பாக நிற்பதுபோல. அந்தத் தண்ணீரைக் கலத்துக்குள் இழுத்து வைத்திருக்க வாழை பயன்படுத்தும் முக்கியமான பொருள் பொட்டாசியம். அதனால்தான் வாழை மண்ணில் இருந்து பொட்டாசியத்தை அள்ளி அள்ளிக் குடிக்கிறது. குலையோடு வெளியேறுவது அதில் ஒரு பகுதி. இன்னொரு பெரும்பகுதி தண்டிலும் இலையிலும் கிழங்கிலும் நின்றுவிடுகிறது.

தண்ணீர் போக மிஞ்சும் காய்ந்த பொருளில் பெரும்பங்கு செலுலோசு. அதுதான் நார். மரக்கட்டையோடு ஒப்பிட்டால் இலிக்னின் குறைவு, அதனால் நாரைப் பிரிப்பது இலகு. எரித்தால் சாம்பல் நிறைய மிஞ்சும். சாதாரண விறகு எரிந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்குதான் சாம்பல். காய்ந்த வாழைத்தண்டில் அது பத்துப் பங்கையும் தாண்டும். அந்தச் சாம்பலில் அதிகமாக இருப்பது பொட்டாசியம் காபனேற்று. சாரனில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத அந்தக் கறை வேறு விஷயம். சாற்றில் உள்ள தனின் போன்ற பொருட்கள் காற்றுப் பட்டதும் கறுத்துப் பருத்தி நூலோடு ஒட்டிக்கொள்கின்றன. உம்மாமார் ஏசுவதற்கு இரசாயனக் காரணம் இருக்கிறது.

ஆக, வாழைக் கழிவின் வரலாறு என்பது இரண்டு பொருட்களின் வரலாறு. ஒன்று சாம்பல், மற்றது நார்.

சாம்பலில் இருந்து தொடங்குவோம். தரம் 10, 11 பிள்ளைகள் ஆவர்த்தன அட்டவணையைப் பார்த்து அடிக்கடி கேட்கும் கேள்வி: பொட்டாசியத்துக்கு ஏன் 'கே' என்று குறியீடு? 'காலியம்' என்ற இலத்தீன் பெயரின் முதலெழுத்து அது. காலியத்தின் வேர் அரபுச் சொல்லான 'அல்-கலி'. கடற்கரையிலும் உவர்நிலத்திலும் வளரும் செடிகளை எரித்து எடுக்கும் சாம்பலுக்கு அரபிகள் வைத்த பெயர் அது. அந்தச் சாம்பலும் ஒலிவ் எண்ணெயும் சேர்ந்துதான் பலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரச் சவர்க்காரம் பிறந்தது. ஆங்கிலத்தில் காரத்துக்குச் சொல்லும் 'அல்கலி'யும் அதே சொல்தான். 1807 இல் ஹம்ப்ரி டேவி உருக்கிய பொட்டாஷுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தபோது அதற்கு வைத்த பெயர் பொட்டாசியம். சட்டியில் காய்ச்சிய சாம்பல் என்பதற்கான சொல்லில் இருந்து வந்தது. இரண்டு மொழியில் இரண்டு பெயர், இரண்டுக்கும் அடியில் இருப்பது சாம்பல். வாழையின் தாவரவியல் பெயரான 'மூசா'வும் அரபு 'மவ்ஸ்' என்ற சொல்லில் இருந்து வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. வாழைக்கு அந்தப் பெயரை நிலைக்க வைத்த லின்னேயஸ், ஒல்லாந்தில் ஒரு செல்வந்தரின் கண்ணாடி வீட்டில் வளர்ந்த வாழையைப் பற்றி மட்டும் 1736 இல் ஒரு தனி நூலே எழுதியவர்.

இனி அசாமுக்குப் போவோம். வாழைச் சாம்பலை மனிதர் எவ்வளவு தூரம் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அசாம் கடலில் இருந்து வெகு தூரம். உப்பு அங்கே வங்காளத்தில் இருந்து பிரம்மபுத்திரா ஆற்றை எதிர்த்துப் படகில் வர வேண்டும். கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்தில் அசாமோடு நடந்த வியாபாரத்தில் உப்பு முக்கியமான சாமான். ஏழைக்கு அது எட்டாது. அங்கே கறிக்குள் போனது 'கோலாகார்'. 'கோல்' என்றால் வாழை, 'கார்' என்றால் காரம். எமது விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள 'காரம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒரே மூலம், சமஸ்கிருதத்தின் 'க்ஷார'. அவர்கள் பீம்கோல் என்று சொல்லும் விதையுள்ள வாழையின் தோலையும் தண்டையும் வெயிலில் காயவைத்து எரிப்பார்கள். சாம்பலை அடியில் துளையிட்ட சிரட்டையிலோ சட்டியிலோ போட்டு மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக வடியும் கபில நிறத் தண்ணீர்தான் கோலாகார். கறிக்கும் அதுதான், தலை கழுவவும் அதுதான், உடுப்பு வெளுக்கவும் அதுதான். இன்று உப்பு மலிந்துபோய்விட்டது. ஆனால் 'கார்' என்ற பெயரிலேயே ஒரு கறி அசாமியச் சாப்பாட்டில் நிலைத்துவிட்டது. தங்களைக் 'கார் தின்னிகள்' என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோலாகார் உப்புக்குப் பதிலாக வந்தாலும் அது உப்பல்ல. சாப்பாட்டு உப்பில் இருப்பது சோடியம், இதில் இருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். எமது ஊர்களில் 'கல்லுக்கு நல்லது' என்று சொல்லி யார் யாருக்கோ வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறார்கள். சிறுநீரக நோய்க்கு வைத்தியம் செய்பவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். வடமத்திய மாகாணத்தில் எத்தனை குடும்பங்கள் இந்த நோயோடு போராடுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

இதே சாம்பல் ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் சவர்க்காரமானது. கானாவிலும் நைஜீரியாவிலும் கறிவாழைத் தோலையும் கொக்கோக் கோதையும் எரித்துச் சாம்பல் நீர் இறக்கி, பாம் எண்ணெயோடு காய்ச்சிக் கறுப்புச் சவர்க்காரம் செய்கிறார்கள். நாப்லுஸ் சவர்க்காரம் கட்டியாக வெட்டி அடுக்கக்கூடியது, ஆபிரிக்கச் சவர்க்காரம் களிபோல மென்மையானது. காரணம் சாம்பல்தான். உவர்நிலச் செடியின் சாம்பலில் சோடியம் கூட, உள்நாட்டுச் செடியின் சாம்பலில் பொட்டாசியம் கூட. சோடியம் சவர்க்காரத்தை இறுக்கும், பொட்டாசியம் இளக்கும். இப்போது அந்தக் கறுப்புச் சவர்க்காரம் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் அழகான பெட்டியில் நல்ல விலைக்குப் போகிறது.

சரி, இவ்வளவு தேவையாக இருந்த தாவரச் சாம்பல் எப்படிக் குப்பைக்குப் போனது? 1861 இல் ஜேர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில், உப்புச் சுரங்கத்தில் இருந்து வந்த பொட்டாசிய உப்பைப் பதப்படுத்தும் தொழிற்சாலை தொடங்கியது. பூமிக்கு அடியில் வெட்டி எடுப்பது, காட்டை எரித்துச் சாம்பல் காய்ச்சுவதைவிட மலிவு. அரை நூற்றாண்டு முழு உலகமும் ஜேர்மன் பொட்டாஷையே நம்பியிருந்தது. 1914 இல் யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. அமெரிக்காவில் பொட்டாஷின் விலை பத்து மடங்களவுக்கு ஏறியது. கலிபோர்னியாக் கடலில் பாசியை அறுத்து எரித்தார்கள். பழக் கம்பனிகள் எறியும் வாழைக்குலைக் காம்பிலும் தோலிலும் எவ்வளவு பொட்டாஷ் இருக்கிறது என்று அளந்து பார்த்த இரசாயனவியலாளர்களும் இருந்தார்கள். யுத்தம் முடிந்தது. ஜேர்மன் கப்பல் திரும்பி வந்தது. வாழைக்காம்பும் பழையபடி குப்பைக்குப் போனது.

இதை வாசிக்கும்போது எமக்கு 2021 ஞாபகம் வராமல் இருக்குமா? அந்த வருடம் மே மாதம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் வயலில் என்ன நடந்தது என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தடை போன பிறகு டொலர் இல்லை, அடுத்த வருடம் ரஷ்ய-உக்ரைன் யுத்தம். நாம் எம்.ஓ.பி. என்று வாங்கும் பொட்டாஷ் பசளையில் ஒரு கிலோகூட இந்த நாட்டு மண்ணில் இருந்து வருவதில்லை. உலகத்தில் அதைக் கூடுதலாக எடுப்பவை கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய நாடுகள். அங்கே ஒரு பிரச்சினை என்றால் இங்கே மூட்டையின் விலை ஏறும். அந்தக் காலத்தில் 'சேதனப் பசளை, சேதனப் பசளை' என்று ஊரெல்லாம் பேச்சு. அப்போதும் வாழைத்தண்டு வாய்க்காலில்தான் கிடந்தது.

வகுப்பில் போடுவதுபோல ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தண்டு 40 கிலோ என்று வைப்போம். தண்ணீர் போனால் காய்ந்த பொருள் 7 வீதம், அதாவது 2.8 கிலோ. அதில் பொட்டாசியம் 4 வீதம் என்று எடுத்தால் ஏறக்குறைய 112 கிராம். எம்.ஓ.பி.யில் பாதி நிறைதான் பொட்டாசியம். ஆகவே ஒரு தண்டு ஏறத்தாழ 225 கிராம் எம்.ஓ.பி.க்குச் சமம். மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் நடுகையில் ஏக்கருக்கு 440 மரம் அளவில் வரும். பெருக்கிப் பாருங்கள், 50 கிலோ மூட்டை கிட்டத்தட்ட இரண்டு. இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண் இந்தக் கணக்கு மாறும். தோட்டத்துக்கு இது புதிய வரவும் இல்லை. ஏற்கெனவே காசு கொடுத்துப் போட்ட பசளைதான் தண்டுக்குள் இருக்கிறது. அதை வெளியே எறிந்துவிட்டு மறுபடி வாங்குகிறோம் என்பதுதான் எமது கவலை.

இன்னொரு முக்கியமான விஷயம். தழைச்சத்து இலைக்குள் பிணைந்திருக்கும், உக்கினால்தான் வெளியே வரும். பொட்டாசியம் அப்படி இல்லை. அது கரைந்த நிலையிலேயே இருப்பதால் தண்டு நைந்ததும் மழைநீரோடு ஓடிவிடும். வீதியோரத்தில் குவித்தால் சத்து கானுக்குள் போகும். துண்டு துண்டாக வெட்டி அடுத்த கன்றின் வேரைச் சுற்றிப் பரப்பினால் அதே மழை அதை வேருக்குக் கொண்டுபோகும். ஒரு கத்தி போதும், இயந்திரம் தேவையில்லை.

நாரின் கதைக்கு வருவோம். அங்கும் யுத்தமும் கப்பலும்தான்.

பிலிப்பைன்ஸில் 'அபாகா' என்று ஒரு வாழையினம் உண்டு. பார்த்தால் எமது வாழைபோலவே இருக்கும். பழத்தில் விதை நிறைந்திருக்கும், யாரும் உண்பதில்லை. அங்கே தண்டுதான் பயிர், பழம்தான் கழிவு. அந்த நார் உப்புத் தண்ணீரில் இலகுவில் உக்காது. 19 ஆம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்களின் கயிறு அதில்தான் முறுக்கப்பட்டது. மணிலாத் துறைமுகத்தால் போனதால் 'மணிலாக் கயிறு' என்று பெயர். தேய்ந்த கயிறுகளை 1840களில் அமெரிக்காவில் அரைத்துக் கடதாசி செய்தார்கள். கந்தோர்களில் புழங்கும் மஞ்சள்-கபில 'மணிலா' கடித உறையின் பெயர் அங்கிருந்து வந்தது. 1942 இல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்குக் கயிறு இல்லாமல் போனது. பனாமாவுக்கு 1925 இலேயே கொண்டுபோயிருந்த அபாகாக் கன்றுகள் அப்போது கைகொடுத்தன. மத்திய அமெரிக்காவில் அவசர அவசரமாகப் பெருந்தோட்டங்கள் போட்டார்கள். பிறகு நைலோன் வந்தது, கயிற்றுக்கு இருந்த மவுசு குறைந்தது. ஆனால் அபாகா அழியவில்லை. சுடுநீரில் கிழியாத மெல்லிய கடதாசிக்கு அதைப்போல ஒன்று கிடைப்பது கஷ்டம். தேநீர்ப் பைகளின் கடதாசியில் பெரும்பாலும் அந்த நார் கலந்திருக்கும். ஆக, இலங்கைத் தேயிலை வெளிநாட்டு மேசைக்குப் போகும்போது வாழையின் உறவுக்காரன் ஒருவனைப் போர்த்திக்கொண்டு போகிறது.

ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இன்னொரு வாழையினத்தின் நாரில் 'பஷோஃபு' என்ற துணி நெய்கிறார்கள். நாரைச் சாம்பல் நீரில் அவித்து, மூங்கிலால் வழித்து, இழை இழையாகக் கையால் முடிந்து நூலாக்குவார்கள். சாம்பலும் நாரும் அங்கே ஒன்றுசேர்கின்றன. ஒரு கிமோனோவுக்கு 200 மரம் அளவில் வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் தீவைப் பிடித்திருந்த அமெரிக்கப் படை, மலேரியா நுளம்பு பெருகுகிறது என்று சொல்லி அந்த வாழைகளை வெட்டிச் சாய்த்தது. கைத்தொழிலே அழிந்துபோகும் நிலை. கிஜோக்கா கிராமத்தின் தாய்ரா தொஷிக்கோ என்ற பெண் யுத்தகாலத்தில் குராஷிக்கியில் ஆலையில் வேலைசெய்தவர். ஊர் திரும்பி, கணவனை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி நட்டு, மறுபடி நெய்தார். 1974 இல் ஜப்பான் அரசாங்கம் அந்தத் துணியைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2000 இல் அவருக்கு 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற பட்டம் கிடைத்தது. 2022 இல், 101 வயதில் காலமானார்.

நுளம்புக் கதை எமக்கும் பொருந்தும். டெங்கைப் பரப்பும் நுளம்பில் ஒரு வகை, வாழை இலைக்கக்கத்தில் தேங்கும் தண்ணீரிலும் முட்டையிடும். அதற்காக வாழையை வெட்ட வேண்டியதில்லை. காய்ந்த இலையைக் கழிப்பதும் வெட்டிய தண்டைத் துண்டாக்குவதும் போதும். முழுத் தண்டாக விட்டால் கிழங்கு வண்டும் அதற்குள் பெருகும். பிளந்து காயவிட்டால் அதற்கும் இடமில்லை.

'வாழைநாரில் இலட்சாதிபதி ஆகலாம்' என்று இப்போது வட்ஸ்அப்பில் காணொளிகள் வருகின்றன. நாம் அதை அப்படியே நம்பவில்லை. நூறு கிலோ பச்சைத் தண்டை இயந்திரத்தில் விட்டால் காய்ந்த நார் ஒரு கிலோ, கூடிப்போனால் ஒன்றரை. மிச்சம் தண்ணீரும் சக்கையும். நாரை மட்டும் விற்று இயந்திரக் கடனும் கூலியும் லொறி வாடகையும் கட்டுவது கடினம். குஜராத்தின் நவ்சாரி விவசாயப் பல்கலைக்கழகம் இதை வேறு மாதிரி அணுகியது. நாரைப் பிரிக்கும்போது வடியும் சாற்றைத் திரவப் பசளையாக்கிக் காப்புரிமை பெற்றது. சக்கை உரமாகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால்தான் கணக்குச் சரிவரும். எமது ஊரில் யாராவது சங்கமாகச் சேர்ந்து இயந்திரம் வாங்கும் யோசனையில் இருந்தால், நாரை வாங்குபவரைத் தேடுவதற்கு முன் சாற்றையும் சக்கையையும் எங்கே போடப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாத் தண்டையும் தோட்டத்துக்குத் திருப்பக் கூடாது. கோழிக்கூட்டு வாழை போன்றவற்றில் வரும் பனாமா வாடல் நோய்க்கிருமி மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நோய் வந்த தண்டை வெட்டிப் பரப்பினால் நோயைத்தான் பரப்புவோம். இலைகள் குறுகி உச்சியில் குவியும் நோயும் அப்படித்தான். அது இலங்கையில் 1913 இலேயே பதிவானது, இன்னும் போகவில்லை. சந்தேகமான மரத்தையோ கன்றையோ அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து பாடசாலைத் தோட்டத்தில் இரண்டு பாத்தி போடுகிறோம். ஒன்றில் தண்டு பரப்பியும் மற்றதில் பரப்பாமலும் ஒரே நாளில் கன்று நட்டுப் பார்ப்போம். அதற்கிடையில் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி. சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் எமது ஊரில் உடுப்பு வெளுக்க என்ன சாம்பல் பாவித்தார்கள்? உங்கள் மூத்தம்மா, வாப்பும்மா சொன்னது ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளை வைத்துப் பதிந்து வைக்கிறோம்.